அடுத்த வரிசையில் பிறந்தவள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வரிசை டெல்மா ஒருநாள் ரொட்டி மாவுக்கு ஈஸ்ட் கேட்டு வந்தவள், என் படுக்கையறையை எட்டிப் பார்த்து, "இங்கதான் நான் பொறந்தேன்" என்றாள்.

நான் எழுதிய முதல் தொடக்கம்: "போர்க்காலத்தில் கப்பல்தளத் தொழிலாளர்களுக்காக நானூறு வீடுகள், அறுபதே நாளில்..." (அடித்துவிட்டேன். சர்க்கார் அறிக்கை வாடை.)

2

1943 மார்ச், பிற்பகல், மழை. ஓக்லஹோமாவிலிருந்து டெல்மாவின் அம்மா வெல்டா, கப்பல்தளத்தில் வேலை பார்க்கும் புருஷனிடம் வந்து மூன்றே நாள். நிறைமாதம். கடையிலிருந்து திரும்பும் வழியில் இடுப்புவலி கண்டுவிட்டது. எல்லா வரிசையிலும் அச்சில் வார்த்தது போல் ஒரே வீடு. தன் வரிசை என்று நினைத்து மூன்றாவது வாசலில் நுழைந்தாள். இரவு வேலைக்காரர்கள் பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் கம்பளி கட்டுவார்கள், உள்ளே கும்மிருட்டு. கட்டிலில் இழுத்துப் போர்த்திக் கிடந்த உருவத்தை உலுக்கினாள்.

"கிளெட்டஸ்! எழுந்திரு, வலி எடுத்துருச்சு!"

"நான் கிளெட்டஸ் இல்லம்மா," என்றது போர்வை.

அப்போது இந்த என் வீட்டில் குடியிருந்தவள், கப்பலில் வெல்டிங் வேலை பார்க்கும் இனெஸ்.

"அப்ப எம் புருஷன் எங்க?"

"என்னைக் கேட்டா? எனக்கே இன்னும் ஒருத்தன் அமையல. ஐயையோ, நிக்காத, படு!"

(தூக்கம் கெட்டவள் இத்தனை சுலபமாகவா இரங்குவாள்? அடுத்த பிரதியில் இரண்டு வசவு சேர்த்தேன். டெல்மா படித்துவிட்டு, "ரெண்டு பத்தாது" என்றாள்.)

3

அட்டை மாதிரிச் சுவர். இனெஸ் அதைக் குத்தி, "நர்ஸைக் கூட்டிட்டு வாங்க!" என்று கத்த, அடுத்த வீட்டுக்காரர் ஓடினார். நர்ஸ் வருமுன்பே குழந்தை இனெஸின் கைக்கு வந்துவிட்டது. நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. துண்டால் முதுகைத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். குழந்தை

[இப்படியே விட்டு உங்களைத் தவிக்க வைக்கலாம். மனசு வரவில்லை.]

வீரிட்டது.

"பொண்ணு!" என்று இனெஸ் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆத்தாள மாதிரியே, கதவைத் தட்டாம வந்துட்டா."

4

இதற்குள் கிளெட்டஸ் விழித்து, மனைவியைக் காணாமல், வீடு வீடாகத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டிய வீட்டார் எல்லாம் கூடவே வந்தார்கள். அதுவரை ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. இனெஸின் வாசலுக்கு வந்தபோது முப்பது பேர். ஒருத்தி கையில் பீன்ஸ் சூப், ஒருவர் கையில் பிடில்.

(அடிக்குறிப்பு: ஊர் வரைபடத்தில் ஆட்கள் கூடுவதற்கென்று ஓர் இடமும் இல்லை.)

"நம்ம வீட்டுக்குப் போலாமா, வெல்டா?"

"அது எதுன்னு முதல்ல காட்டு!"

வீடே குலுங்கிச் சிரித்தது.

5

நர்ஸ் வந்து எல்லாரையும் விரட்டுவதாக ஒரு முடிவு எழுதினேன். கப்பல்தளச் சங்கு ஊதி அவர்கள் வேலைக்குப் போவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். இப்போதுதான் பெயர் கேட்டுக்கொள்கிறார்கள். நான் யாரையும் வெளியே அனுப்பப் போவதில்லை. கதை முடிந்தே ஆகவேண்டுமென்றால் கதவை நீங்களே சாத்துங்கள். மெதுவாக. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது.