இரண்டு பேரும் இருக்கிற படம்

"துணியெல்லாம் எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?" வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்ததும் ஹமானோ கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் படம் எடுக்கிறவள் அவள். ஐம்பதைத் தாண்டிய குள்ளமான பெண். தோளில் கேமரா பை, கழுத்தில் வேர்வைத் துண்டு. ஸ்டுடியோ, ஜரிகை உடுப்பு, 'சிரி பார்க்கலாம்' என்கிற சமாசாரமெல்லாம் அவளிடம் கிடையாது. வீட்டில் வழக்கமாக நடப்பது எதுவோ அதைத்தான் எடுப்பாள்.

"ஒளிக்கவெல்லாம் இல்லை. மடிச்சு உள்ளே வச்சிருக்கேன்," என்றாள் சனயே. காலையிலிருந்து தரையைத் துடைத்துத் துடைத்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"குழந்தை இருக்கிற வீடு இவ்வளவு சுத்தமா இருந்தா, படத்தைப் பாக்கிறவங்க நம்பவே மாட்டாங்க. எடுத்துட்டு வாங்க. எப்பவும் எங்கே கிடக்குமோ அங்கேயே கொட்டுங்க."

சனயே புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க ஆசைக்கு நான் ஊருக்கெல்லாம் என் அழுக்குத் துணியைக் காட்டணும்."

"துவைச்சதுதானே," என்றார் ஷுன்பெய்.

"துவைச்சது யாரு?"

அவர் துணியை எடுத்து வர உள்ளே போனார். ஆசை அவருடையதுதான். முன்னோர் வழிபாட்டு விடுமுறைக்காக ஒகயாமாவில் இருக்கும் வீட்டுக்கு வந்திருந்தார். மறுநாள் காலை குஷிரோவுக்குத் திரும்பியாக வேண்டும். வடக்கே, மூடுபனி மூடிய அந்தத் துறைமுக ஊரில், கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் சுவரில் ஒரு காலண்டர் மட்டும் தொங்கியது. அதன் பக்கத்தில் மாட்ட ஒரே ஒரு படம் வேண்டும். மகள் தமாகியும் அவரும், ஒரே வீட்டு மனிதர்கள் இருப்பதுபோல இருக்கிற படம். கைபேசியில் தேடினால் இருப்பதெல்லாம் வேறு மாதிரி. அவர் தூக்கி வைத்திருக்கும் படங்களில் குழந்தை மரக்கட்டைபோல விறைத்துக் கிடந்தாள்.

கடன் வாங்கி வீடு கட்டியவனைத்தான், வேலையை விட்டுப் போக மாட்டான் என்று, கம்பெனி முதலில் தூர ஊருக்கு மாற்றும் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். ஷுன்பெய்யும் கூடச் சேர்ந்து சிரித்தவர்தான். புது வீட்டுச் சுண்ணாம்பு வாசனை போவதற்குள் அவர் பெயர் வந்தது. சனயேவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை, குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அவர் மட்டும் போனார். அப்போது தமாகி தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். இப்போது மூன்று வயது.

"என்னை மறந்துடுங்க," என்று சொல்லிவிட்டு ஹமானோ துணிக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பாட்டுக்குக் காலுறைகளுக்கு ஜோடி தேட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் தமாகி அம்மாவின் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அது தப்பு. அது என்னோடது."

"அப்படியா? எனக்குப் போட்டா சரியா இருக்குமே."

"உன் காலு பெருசு."

"பாத்தீங்களா, வந்ததுமே அவமானம்," என்றாள் ஹமானோ. குழந்தை கெக்கலித்தது. கேமரா எப்போது கைக்கு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஷுன்பெய் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரக்கட்டைப் பெட்டியை எடுத்து வந்து தரையில் கவிழ்த்தார். "தமாகி, அப்பாவோட கோபுரம் கட்டலாமா?"

தமாகி வந்தாள். வராமல் இல்லை. ஒரு கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து நீட்டினாள். "இந்தாங்க."

"தேங்க்ஸ்டா."

"பரவாயில்லீங்க."

ஹமானோ கேமராவைத் தாழ்த்தி, ஷுன்பெய்யைக் குடும்பப் பெயரால் கூப்பிட்டாள். "இசோபே சான், ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க குழந்தையையே பாத்துக்கிட்டிருக்கீங்க. நான் போற வீட்ல அப்பாமாருங்க அப்படிப் பாக்கறதே இல்லை. பக்கத்துல படுத்துக்கிட்டு பேப்பர் படிப்பாங்க. குழந்தை அவங்க வயித்துமேல ஏறி உக்காரும்."

ஷுன்பெய் பேப்பரை எடுத்துக்கொண்டு பாயில் படுத்தார். வயிற்றின்மேல் இடம் காலியாகவே இருந்தது. நான்காம் பக்கத்தில் ஒரு விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்தபோது தமாகி அடுக்களையில் அம்மா காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் வெயிலுக்கு இதமாக ஐஸ் தண்ணீரில் போட்ட மெல்லிய சேமியா. சாப்பாட்டுக் குச்சி வைப்பது தமாகியின் வேலை. காப்பகத்தில் பழக்கியிருந்தார்கள். அம்மா இடத்தில் சிவப்புக் குச்சி. தன் இடத்தில் முயல் படம் போட்டது. ஹமானோவுக்குக் காகித உறையில் இருக்கும், பிளந்து சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போடுகிற குச்சி. அப்புறம் அதே உறையில் இன்னொன்றை எடுத்து வந்து ஷுன்பெய் முன்னால் நேராக வைத்து, கோணலாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கேமரா ஒரு முறை சத்தம் போட்டது.

"தமாகி, அது வர்றவங்களுக்குடா. அப்பாவுக்கு வேற," என்று சொல்லிக்கொண்டே சனயே இழுப்பறையைத் திறந்தாள். திறந்த கை அப்படியே நின்றது. அவருடைய குச்சியும், நீலக் கோடு போட்ட சோற்றுக் கிண்ணமும் அங்கே இல்லை. கிளம்பும்போது அவரேதான் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அங்கே போய்ப் புதிதாக எதற்கு வாங்க வேண்டும் என்று.

"இருக்கட்டும்," என்றார் ஷுன்பெய். குச்சியைப் பிளந்தார். அது பாதியில் சரிந்து ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் ஈர்க்குச்சியாகவும் உடைந்தது.

தமாகி அவர் சாப்பிடுவதைக் கவனித்தாள். "இன்னும் கொஞ்சம் வேணுங்களா?"

"வேணும்," என்றார். வேண்டியிருக்கவில்லை.

"நல்லா கவனிக்கிறா," என்று ஹமானோ சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

சாப்பிட்டபின் ஹமானோ எடுத்ததையெல்லாம் கேமராவில் நகர்த்திப் பார்த்தாள். "அம்மாவும் பொண்ணும் இருக்கறது அழகா வந்திருக்கு. உங்களுக்குத்தான்..." என்று இழுத்தாள்.

"இவ எப்பவும் இப்படிக் கிடையாது," என்றாள் சனயே, குழந்தைக்குக் கேட்காமல். "தினம் சாயங்காலம் பாக்கணும். போனைக் கொண்டாந்து சோயா பாட்டில்மேல சாத்தி வச்சுட்டு, இவர் முகம் தெரிஞ்சதும் ஆரம்பிச்சுடுவா. மூக்கு நோண்டறது, பாட்டு, சண்டை, எல்லாம் இவர்கிட்டத்தான். நீ வா போன்னுதான் பேசுவா. எனக்கே பொறாமையா இருக்கும்."

ஹமானோ கேமராவை மடியில் வைத்தாள். "அப்போ இந்த வீட்டு வழக்கம் அதுதானே. நான் வழக்கத்தைத்தான் எடுக்கறேன்."

ஷுன்பெய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "நான்தான் இங்கேயே இருக்கேனே."

"அதுதான் இடைஞ்சலே," என்றாள் சனயே. சொன்ன வாயை உடனே கையால் பொத்திக்கொண்டாள்.

அவர் எழுந்து, பாய் விரித்த உள்ளறைக்குப் போய், காகிதம் ஒட்டிய தள்ளுகதவைச் சாத்திக்கொண்டார். மடித்து வைத்த மெத்தைகளுக்கும் மின்விசிறிக்கும் நடுவில் உட்கார்ந்து சனயேவின் போனுக்குக் கூப்பிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. தடதடவென்று காலடிச் சத்தம். திரையில் முதலில் கூரை, பிறகு ஒரு மூக்கு, பிறகு மகள்.

"அப்பா, என்ன பண்றே?"

குரல் இரண்டு முறை வந்தது. ஒன்று கதவு வழியாக, ஒன்று ஒரு நொடி தாமதித்துக் கைக்குள்ளிருந்து.

"சும்மா உக்காந்திருக்கேன். நீ?"

"இங்க பாரு, கொசு கடிச்சிடுச்சு." பாதம் மேசைமேல் ஏறித் திரையை அடைத்தது. "ஊது."

அவர் ஊதினார்.

"இன்னும் பலமா. குளிரவே இல்லை, நீ ஏமாத்தறே."

மறுபடி ஊதினார். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. கதவின் காகிதத் தாள் அதிர்வதுபோல இருந்தது அவருக்கு.

"அப்பா, எங்க வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க தெரியுமா."

"யாரு?"

"ஒரு அத்தை. என் சாக்ஸைப் போட்டுக்கப் பாத்துச்சு. அப்பறம் இன்னொருத்தர்."

"அவர் எப்படி?"

தமாகி யோசித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லவர்தான். நெறைய சாப்பிட்டார். உன்னை மாதிரியே இருக்கார். ஆனா பேசத் தெரியலை."

அந்தப் பக்கம் கேமரா விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அடுக்களையில் சனயே குழாயைத் திறந்து விட்டிருந்தாள்.

"நீ எப்ப வருவே?"

அவர் கை கதவின் கைப்பிடிக் குழிவில் இருந்தது. ஒரு சாண் தள்ளினால் போதும். தள்ளினால் அந்தப் பாதம் கீழே இறங்கிவிடும், வாய் மூடிக்கொள்ளும், 'இந்தாங்க' வந்துவிடும். தினமும் அவள் கேட்கிற கேள்விதான். தினமும் அவர் சொல்கிற பதில் ஒன்று இருந்தது.

"சீக்கிரம் வரேன்."

"சரி. வச்சிடறேன்." திரைமேல் ஈர உதடு பட்டு எல்லாம் மங்கியது. பிறகு இருட்டு. கதவு வழியாக மட்டும் குரல் வந்தது: "அம்மா, அப்பா சீக்கிரம் வராராம்."

சற்றுப் பொறுத்து ஹமானோ கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து உள்ளே வந்து, அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து கேமராவைக் காட்டினாள். மேசைமேல் கால் போட்ட மகள், பல் தெரிய, கண் மூடிப்போகும் அளவுக்குச் சிரிப்பு. எதிரே சோயா பாட்டில்மேல் சாய்ந்த போன். அதற்குள் நகத்தளவு அவர் முகம், உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு. தான் அப்படி இருப்போம் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் இருக்கீங்க," என்றாள் ஹமானோ. "இதுக்குமேல எனக்கு எடுக்கத் தெரியாது, இசோபே சான்."

"என்னைக் கொஞ்சம் பெரிசு பண்ண முடியுமா?"

அவள் பெரிதாக்கினாள். முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்தது. மறுபடி சின்னதாக்கினாள்.

"இப்படியே இருக்கட்டும்," என்றார். "இதையே குடுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தார். தமாகி போனோடு மேசை முன்னால் அப்படியே இருந்தாள். அவரைக் கண்டதும் காலைக் கீழே இறக்கி, பாவாடையை முழங்கால்வரை இழுத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.