போட்டுக்கொடுத்தது யார்?

குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்ததுமே, பேருந்து ஓட்டுநருக்குச் சந்தேகம் எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் மேல்தான் விழுந்தது. பிறந்தது இதே ஊர், ஓட்டுப் போடுவதும் இதே ஊர். யாரோ போட்டுக்கொடுக்காமல் இப்படியொன்று வருமா? வண்டி நிறுத்துகிற தகராறை அவன் இன்னும் மறக்கவில்லை என்று மனைவியும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

அதன்பிறகு எலக்ட்ரீசியன் எது செய்தாலும் குற்றமாகவே பட்டது. இவரைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொள்கிறான். வேலைநாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கோ போகிறான். மடியில் கனமில்லாதவன் எதற்கு ஒளிய வேண்டும்?

விசாரணையன்று நீதிமன்ற வராந்தாவில் அதே சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்தான். ஓட்டுநருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"சாட்சி சொல்லவா வந்திருக்கீங்க?"

எலக்ட்ரீசியன் நிமிர்ந்து பார்த்தான். "மாட்டிவிட்டதும் நீங்க, கேள்வி கேக்குறதும் நீங்களா?"

அவன் கையிலும் அதே நோட்டீஸ். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் அவனைச் சந்தேகப்பட்ட அத்தனை நாளும் அவன் இவரைச் சந்தேகப்பட்டிருக்கிறான். ஓட்டுநர் அமர்த்தியிருந்த வக்கீலம்மா இருவர் வழக்கையும் சேர்த்தே நடத்தினார்.

தெருவில் இத்தனை வீடிருக்க, இந்த இரண்டை மட்டும் பொறுக்கியெடுத்தது ஏன் என்று வக்கீலம்மா கேட்டார். விசாரணை அதிகாரி முதலில் மழுப்பினார். பிறகு, இரு குடும்பமும் வீட்டுக்குள் பேசுகிற பாஷை வேறு மாதிரி என்று தகவல் வந்ததாகச் சொன்னார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "பேச்சை வச்சு ஒருத்தரோட குடியுரிமையைச் சந்தேகப்படச் சொல்லி எந்தச் சட்டத்துல இருக்கு? அரசியல் சாசனம் எல்லாருக்கும் ஒரே தராசைத்தான் குடுத்திருக்கு."

இரண்டு நோட்டீசும் ரத்தாயின. எலக்ட்ரீசியனின் பைக்கிலேயே இருவரும் திரும்பினார்கள். தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஓட்டுநர் முனகினார். நானும்தான் அண்ணே என்றான் அவன்.

தெருமுனையில் அவன் வேகத்தைக் குறைத்தான்.

"அந்த அதிகாரி நம்ம வீட்டு வாசலைக்கூட மிதிச்சதில்லையே. உள்ள பேசுறது அவருக்கு எப்படித் தெரியும்?"

இருபுறமும் வீட்டு வாசல்களில் நின்றவர்கள், கேஸ் என்னாச்சு என்று சிரித்தபடியே விசாரித்தார்கள். இருவரும் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தபடி, "நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.