மடங்காத கத்தி

மின்சாரம் போனதால், அவள் வேலை பார்க்கும் பல் செட் செய்யும் கூடத்தை மதியமே மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அலமாரியின் நடு இழுப்பறையைத் திறந்தாள். கிடைத்த நேரத்தில் கத்திகளுக்கு எண்ணெய் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

மடக்குக் கத்தி என்றால் அவளுக்கு உயிர். எலும்புப் பிடி, கொம்புப் பிடி, பிடி முழுக்கப் பித்தளை, முனை வளைந்த தோட்டக் கத்தி, நுனி மழுங்கிய மாலுமிக் கத்தி என்று பழைய சாமான் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தவை. ஒவ்வொன்றும் பச்சைத் துணியில் அதனதன் இடத்தில் படுத்திருக்கும். கைப்பையிலும் சின்னதாக ஒன்று எப்போதும் உண்டு. நூல் அறுக்க, பார்சல் பிரிக்க, ஆப்பிள் நறுக்க அதுதான். வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பெயரே கத்தியக்கா. கப்பலில் வேலை பார்க்கும் கணவர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "ஊர்ல பொம்பளைங்க நகை கேப்பாங்க. எனக்கு வாய்ச்சது துருப்பிடிச்ச கத்தி கேக்குது" என்று சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார்.

இன்று ஓர் இடம் காலியாக இருந்தது. துணியில் நீளமாக ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது.

துடைத்துவிட்டு வேறெங்காவது வைத்திருப்போம் என்று மேல் தட்டைத் துழாவினாள். பிறகுதான் எது போயிருக்கிறது என்பது உறைத்தது.

போனது கறுப்பு மரப்பிடிக் கத்தி. மற்றவற்றில் அலகைப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங் மட்டும்தான். நுனியை எதிலாவது அழுத்தமாகக் குத்தினால் அலகு திரும்பி மடங்கி, பிடித்தவன் விரலையே பதம் பார்த்துவிடும். கறுப்புப் பிடியில் மட்டும் பூட்டு உண்டு. திறந்து பூட்டு விழுந்துவிட்டால் என்ன குத்தினாலும் மடங்காது.

இதை அவளே போன வாரம் தம்பிக்குச் சொல்லியிருந்தாள். அவள் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாதக்கணக்கில் வாயைத் திறக்காதவன் தானாகக் கேட்கிறானே என்ற சந்தோஷத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். "இதுல எது கையில மடங்காதுக்கா?" என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, கொஞ்ச நேரம் விளையாடிக்கொண்டிருந்தான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். இப்போது அந்த வேலை இல்லை. ஒரு கட்டடத்தில் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்ந்து, கூட வேலை செய்த ஒயர்மேனின் கால் நசுங்கிப் போனது. கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட்டை நிறுத்தி வைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. சோதிக்கும் நேரத்தில் அதைத் தாண்டி ஒரு துண்டு ஒயரை மாட்டுவார்கள்; அது இருந்தால் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அன்று அதைக் கழற்றவில்லை. மாட்டியது தம்பிதான் என்று போர்மேன் விசாரணையில் சொன்னார். தம்பியோ, மாட்டியது போர்மேன்தான், என் கண்ணால் பார்த்தேன் என்று தலையால் அடித்துக்கொண்டான். யாரும் காது கொடுக்கவில்லை. வேலையும் போனது, லைசென்ஸும் போனது. அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அந்தப் போர்மேனை அண்ணா அண்ணா என்று அவன் சுற்றி வந்த நாட்கள் அவளுக்குத் தெரியும்.

அவள் தம்பிக்கு போன் போட்டாள். மணி உள்ளறையில், அவன் தலையணைக்கு அடியிலிருந்து ஒலித்தது. போனை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

காலையில் அவன் யாரிடமோ பேசியது நினைவுக்கு வந்தது. "கண் ஆஸ்பத்திரிக்கு எதிர் பில்டிங்கா? தனியாவா இருக்காரு?" சமாதானம் பேசத்தான் போகிறான், நல்லது என்று அப்போது நினைத்தாள்.

செருப்பு எது என்றுகூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஆட்டோ சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. போலீசுக்குச் சொல்லலாமா என்று போனை எடுத்தாள். என்னவென்று சொல்வது? என் தம்பி என் கத்தியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்றா? ஒன்றும் நடக்காமல் இருந்தாலும் அதோடு அவன் கதை முடிந்தது. போனை உள்ளே வைத்தாள். உடனே, வைத்தது தப்போ என்று மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்."

"பறக்கவாம்மா சொல்றீங்க?" என்றார் டிரைவர். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தவர் அதற்கு மேல் பேசாமல் சந்து வழியாகத் திருப்பினார்.

கட்டடத்தின் கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. வாட்ச்மேன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "மொட்டை மாடி ரூம்ல வேலை நடக்குது. படியில போங்க" என்றார்.

ஏறினாள். பாதியிலேயே மூச்சு வாங்கியது. கைப்பிடியில் சாய்ந்து காதைத் தீட்டினாள். மேலே கத்தலோ ஓட்டமோ எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதிதான் இன்னும் பயமாக இருந்தது. போனதும் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். கெஞ்சுவதா, அறைவதா, காலில் விழுவதா?

மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையின் இரும்புக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

தம்பி கதவையொட்டிய சுவரோரம் ஒரு ஆயில் டின் மேல் உட்கார்ந்திருந்தான். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. மோட்டாருக்கு அந்தப் பக்கம் போர்மேன் நின்றிருந்தார். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, கையில் நீளமான ஸ்பேனர்.

"வாம்மா" என்றார் போர்மேன். குரல் வறண்டிருந்தது. "தம்பி சும்மா பார்க்க வந்தான். பேசிட்டு இருக்கோம்."

தம்பி அவளைப் பார்க்கவில்லை. "நீ எதுக்கு வந்த? வீட்டுக்குப் போ."

அப்போதுதான் அவள் கவனித்தாள். மோட்டாரின் மூடி மூடியிருந்தது. பேனல் பெட்டியும் சாத்தியிருந்தது. ஸ்பேனருக்கு அங்கே வேலையே இல்லை. அதைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவருக்குத் தெரியும். தம்பி உள்ளே வந்தபோதே தெரிந்திருக்கிறது. கதவுப் பக்கம் இவன் உட்கார்ந்துவிட்டதால் வெளியே போக வழியில்லாமல், எவ்வளவு நேரமாகவோ இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இவன் கையை வெளியே எடுத்தால் ஸ்பேனர் விழும். ஸ்பேனர் உயர்ந்தால் இவன் கத்தியை எடுப்பான்.

அவள் நடந்து போய் இருவருக்கும் நடுவில் நின்றாள். முதுகுப் பக்கம் ஸ்பேனர். குடையைக் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள்:

"என் கத்தி உன்கிட்ட இருக்கு. குடுடா."

"அக்கா, தள்ளு."

"தள்ள மாட்டேன். என் சாமான், எனக்கு வேணும்."

"சும்மா பயமுறுத்தத்தான் எடுத்துட்டு வந்தேன். உண்மையைச் சொல்ல வைக்கணும், அவ்வளவுதான்."

"பயமுறுத்த எந்தக் கத்தியும் போதுமே. மடங்காதது எதுக்குடா?"

பாக்கெட்டுக்குள் அவன் விரல்முட்டி அசைவதை அவள் பார்த்தாள். பின்னால் போர்மேனின் ஷூ தரையில் நகர்ந்தது.

"அண்ணா, அசையாதீங்க" என்றாள் திரும்பாமலே. "நான் இங்கதான் நிக்கிறேன். யாரு எதை வீசினாலும் முதல்ல என் மேலதான் விழும்."

கத்தியை வாங்க அவள் கையை நீட்டினாள். அதைக் கீழே இறக்கவில்லை.

தம்பி மெதுவாகக் கையை எடுத்தான். கத்தி மூடித்தான் இருந்தது. அவள் உள்ளங்கையில் வைத்தபோது அவன் வியர்வையில் பிடி வழுக்கியது. உடனே அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

அவள் திரும்பினாள். "இப்ப நீங்க. அதைக் கீழ வைங்க."

ஸ்பேனர் இன்னும் இடுப்புயரத்தில் இருந்தது. போர்மேன் அதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். தரையில் வைக்கப் போனவரின் கையிலிருந்து அது நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்தில் மூன்று பேருமே துள்ளிவிட்டார்கள்.

"போம்மா" என்றார். "கூட்டிட்டுப் போயிடு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அந்த ஒயரைப் பத்தி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவன், "நீ வராம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலக்கா" என்றான். அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த சில நாட்கள் இழுப்பறைப் பக்கமே போகவில்லை. கைப்பையிலிருந்த சின்னக் கத்தியையும் எடுத்து வைத்துவிட்டாள். பார்சல் பிரிக்கக் கத்தி கேட்ட பக்கத்து மேசைக்காரியிடம், "பல்லால கடிச்சுக்கோ. உடைஞ்சா நானே செஞ்சு தரேன்" என்று சிரித்துச் சமாளித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் போர்மேன் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னாள். வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்கு அவன் கையை வெளிய எடுத்திருந்தா தலையிலயே போட்டிருப்பேம்மா. கத்தியா கைக்குட்டையான்னு பார்த்திருக்க மாட்டேன். என் பொய்யைக் காப்பாத்த ஒரு உசுரை எடுக்கவும் துணிஞ்சிட்டேன்னு நினைச்சா சோறு இறங்கல." வாசற்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒயரை மாட்டினது நான்தான். மறந்துட்டேன். ரிட்டயர் ஆகப் போற நேரத்துல பயந்துட்டேன். மேனேஜர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். இப்ப ஒயர்மேன் வீட்டுக்குப் போறேன். அங்க தனியா போக தைரியம் இல்ல. தம்பி கூட வருவானான்னு கேக்கத்தான் வந்தேன்."

தம்பி அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. மன்னிப்பு இல்லை. அன்றைய வெறியும் இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

"அக்கா, வந்துடறேன்."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். போர்மேன் முன்னால் போக, தம்பி நாலடி தள்ளிப் பின்னால் போனான். லைசென்ஸ் திரும்பக் கையில் வர அதன் பிறகும் மாதங்கள் ஆயின. அந்தப் பழைய கம்பெனிக்கு அவன் போகவில்லை. போர்மேனை மறுபடி அண்ணா என்று கூப்பிட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் ஒயர்மேனின் வீட்டுக்கு இருவருமே அடிக்கடி போய் வந்தார்கள், வேறு வேறு நேரங்களில்.

அன்று அவள் அதையெல்லாம் அறியாமல், இருவரும் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். தம்பி இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்கு வெளியே வீசி நடந்துகொண்டிருந்தான். கண்ணுக்கு மறையும்வரை அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.