தம்பி கொடுத்த பொடி

ரொட்டிக்கடைக்காரருக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டன என்று டாக்டரம்மா சொன்னதும், பக்கத்தில் நின்ற அவர் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னோடதுல ஒண்ண எடுத்து வைக்கலாமா?"

யோசித்துச் சொன்ன மாதிரியே தெரியவில்லை. அவள் தையல்காரி. கடைக்குப் பின்னறையில் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். துணி பற்றாத இடத்தில் வேறு துண்டு வைத்துத் தைப்பதுபோல இதையும் சொல்லிவிட்டாள்.

அவர் சிரித்தார். முகம் ஊதி, வெளிறி, மாவு பூசியது போலிருந்தது. "கல்யாணத்தப்ப பொண்டாட்டி உன்னில் பாதின்னு சொன்னாங்க. இவ நெஜமாவே பங்கு பிரிக்கக் கெளம்பிட்டா. இவ கிட்னி வந்தா எனக்கும் வாய் நீண்டுடுமே டாக்டர்."

"வாய மூடுங்க," என்றாள் அவள்.

பரிசோதனைகள் முடிந்த பிறகு டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்க கிட்னிய எடுக்க முடியாதும்மா."

"ஏன், வயசாயிடுச்சா?"

"அதுவும் சுருங்க ஆரம்பிச்சிருக்கு. எடது பக்கம், கிட்னியிலேர்ந்து குழாய் எறங்குற எடத்துல ஒரு கட்டி இருக்கு. பாத்தா புற்றுநோய் மாதிரிதான் தெரியுது."

"எனக்கு ஒண்ணும் வலிக்கலையே."

"ஒண்ணுக்குல ரத்தம்?"

"ஒருநாள் செவப்பாப் போச்சு. பீட்ரூட் சாப்பிட்டதுன்னு நெனச்சேன்."

"அவருக்கும் உங்களுக்கும் ரத்த சம்பந்தம் கெடையாது. ஆனா ரெண்டு பேருக்கும் கிட்னி ஒரே மாதிரி கெட்டிருக்கு. சேர்ந்து என்ன சாப்பிடறீங்க?"

"ஒரே சட்டிச் சோறுதான்."

"மருந்து ஏதாவது?"

"மருந்தெல்லாம் தொடறதே இல்ல," என்று எழுந்தவள் வாசல்வரை போய் நின்றுவிட்டாள். தினமும் காலையில் குடிக்கும் பொடியை அவர்கள் ஒருநாளும் மருந்தாக நினைத்ததில்லை. சொன்னால் யார் தலை உருளும் என்பதும் அந்தக் கணமே புரிந்துவிட்டது. கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே திரும்பினாள்.

"பொடி ஒண்ணு குடிப்போம். என் தம்பி கடைப் பொடி."

தம்பி இரண்டு தெரு தள்ளி மூலிகைக் கடை வைத்திருந்தான். மாவு மூட்டை தூக்கித் தூக்கி ரொட்டிக்கடைக்காரரின் முதுகு பிடித்துக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் குனிய முடியாமல் போனபோது அவன்தான் கொண்டுவந்தான். ஏதோ ஒரு கொடியின் வேரையும் தண்டையும் காயவைத்து அரைத்தது. வாயில் வைக்க முடியாத கசப்பு. ஒரே மாதத்தில் வலி விட்டது. "மச்சான், நீதான்டா டாக்டரு," என்று அவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு அவளும் கழுத்துவலிக்குக் குடிக்க ஆரம்பித்தாள். வருடக்கணக்கில், விடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர்.

பொடியைச் சோதித்த முடிவு வந்தது. அந்தக் கொடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்றொரு விஷம் இருந்தது. அவளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமா கிட்னிய அரிக்கும். போற வழியில செல்லுக்குள்ள இருக்கற மரபணுவையே கெடுத்துடும். குடிக்கறத நிறுத்தினாலும் கெட்டது கெட்டதுதான். பல வருஷம் கழிச்சுக்கூடப் புத்து வரும்," என்றார் டாக்டரம்மா.

"செடிதானே டாக்டர்?"

"எட்டிக்காயும் மரத்துலதாம்மா காய்க்குது."

இடது கிட்னியைக் குழாயோடு சேர்த்து எடுத்தார்கள். தம்பி ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. அவள் வீடு திரும்பிய பிறகுதான் வந்தான். வந்ததும் குரலை உயர்த்தினான்.

"ஆளு அட்ரஸ் தெரியாத பொடியா வித்தேன்? நானும்தானே குடிக்கறேன், எனக்கென்ன கேடு வந்துச்சு? மாமா, நீங்களுமா நம்புறீங்க?"

ரொட்டிக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அன்று டயாலிசிஸ் முடித்து வந்த களைப்பு. "நீ வேணும்னு பண்ணலடா," என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை அவனை என்னவோ செய்துவிட்டது. பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து அப்படியே வாயில் கொட்டப் போனான். அவள் பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். பொடி தரையெல்லாம் சிதறியது. ஆபரேஷன் தையல் இழுத்த வலியில் அவள் அங்கேயே மடங்கி உட்கார்ந்தாள்.

"போய் டெஸ்ட் எடுடா பாவி," என்றாள். அவன் எடுக்கவில்லை.

மழை தொடங்கிய மாதத்தில், டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே ரொட்டிக்கடைக்காரரின் இதயம் நின்றுவிட்டது. சாவுக்கு வந்த தம்பி தெருமுனையிலேயே நனைந்துகொண்டு நின்றான். அவளே நடந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தூக்க ஆள் வேணும். வா."

தூக்கினான். மறுவாரம் யாரும் சொல்லாமலே போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தான், ஸ்கேன் எடுத்தான். முடிவு வந்த அன்று அவள் மிஷினுக்கு எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லையாம்க்கா. ஒடம்புக்கு ஒடம்பு மாறுமாம். வருஷா வருஷம் பாத்துக்கச் சொன்னாங்க." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவளுக்கு ஒரு நொடி அவன்மீது அப்படியொரு வெறுப்பு வந்தது. இவனுக்கும் வந்திருக்கக் கூடாதா என்று மனம் சொன்னது. கூடப்பிறந்தவனைப் பற்றி அப்படி நினைத்ததில் உடம்பு கூசிப்போனது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பொடி வாங்கியவர்களை அவன் வீடு வீடாகத் தேடிப் போனான். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "சரிப்பா, நீ விக்க வேணாம். வேற எங்க கெடைக்கும்னு மட்டும் சொல்லு," என்றார். வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் ஒரு பெண் மட்டும் மறுநாளே பரிசோதனைக்குப் போனாள். அவளுக்கும் கிட்னி கெட ஆரம்பித்திருந்தது.

மூலிகைக் கடையை மூடிவிட்டு ரொட்டி அடுப்பில் அவனே நின்றான். அவன் சுடுவது ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. வாங்கியவர்கள் திட்டிக்கொண்டே வாங்கினார்கள்.

கோடையில் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தபோது அவள் மூத்திரப்பையில் புதிதாக ஒரு கட்டி இருந்தது. மிச்சமிருந்த கிட்னியும் அரைகுறையாகத்தான் வேலை செய்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தாள். கடைக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டாள்.

அவன் தட்டைக் கீழே வைத்தான். கையில் ஒட்டியிருந்த மாவை வெகுநேரம் துடைத்தான்.

"ஆஸ்பத்திரில எப்ப சேரணும்?"

"திங்கக்கெழம."

"கடை லீவுன்னு எழுதி ஒட்டிடறேன்," என்றான்.