மீசை ராணி

எங்கள் அட்டை சேகரிப்போர் சங்கத்தில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மீசை ராணிக்காரர் என்றால்தான் தெரியும். ராணியின் உதட்டுக்கு மேலே வளைந்த மீசையோடு அச்சுப் பிழையான விளையாட்டு அட்டை உலகத்திலேயே என்னிடம்தான் இருக்கிறது. வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட அன்றுதான் அதைக் கண்டுபிடித்தேன்.

இந்த வருடச் சங்க மலரின் முகப்பில் என் ராணி வரப்போகிறாள். மாலைக்குள் பளிச்சென்று ஸ்கேன் வராவிட்டால் தன்னுடைய டிராகன் அட்டையைப் போட்டுவிடுவதாக மலர் ஆசிரியரான பல் டாக்டர் மிரட்டினார். அந்த டிராகனை நான் பார்த்திருக்கிறேன். சுத்தப் பல்லி.

ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்து, ராணியை உறையோடு குப்புறப் படுக்கவைத்தேன். படம் வந்தது. மீசையைக் காணோம்!

"எவன்டா என் மீசைய எடுத்தது!"

போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் என் மனைவி எட்டிப் பார்த்தாள். "'தூசு நீக்கு'ன்னு டிக் போட்டிருக்கு பாருங்க. மெஷின் மீசைய தூசுன்னு நினைச்சிடுச்சு."

"தூசா? இதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

டிக்கை எடுத்தேன். மீசை வந்தது. கூடவே உறையின் கீறல்களும் வந்து, ராணி ஜெயிலில் இருப்பவள் மாதிரித் தெரிந்தாள்.

"உறையிலேர்ந்து வெளிய எடுத்து வைங்க."

"போட்ட நாள்லேர்ந்து எடுத்ததே இல்ல. காத்துப் பட்டா போச்சு!"

"அப்ப பல்லிதான்."

கையைக் கழுவித் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தைத் தொட்டு உருவினேன். அடடா, என்ன தெளிவு! கிரீடத்தின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனந்தத்தில் உடனே டாக்டருக்கு அனுப்பியும் விட்டேன்.

"ஏங்க, மீசை எங்க?" என்றாள் மனைவி.

டிக் போடவில்லை. அட்டையையே எடுத்துப் பார்த்தேன். ராணியின் முகம் மொழுமொழுவென்று இருந்தது. மனைவி காலி உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஒட்டிக்கொண்டு ஒய்யாரமாக வளைந்திருந்தது மீசை. அதை என் நெற்றிக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள்.

"உங்க புருவ முடிங்க!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"படம் அட்டகாசம் சார்," என்றார் பல் டாக்டர். "ஆமா, மீசை எங்க?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"முகப்புல வரணும்ல டாக்டர்... ஷேவ் பண்ணிட்டாங்க."