சம்பூர்ணம் ஓடுகிறாள் என்று ஒரு சேதி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னது நான்தான்.

1984இல் ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் எனக்கு இன்லாண்டு லெட்டர் போட்டிருந்தார். "பட்டணத்தில் இப்போது எல்லாரும் ஜாகிங் போகிறார்கள். உங்கள் ஜவ்வாது மலையில் ஆற்றோரமாக ஓடுவதற்கு அழகான வழிகள் இருக்குமே. நாலு வழி எழுதி அனுப்புங்கள். நீங்கள் தினமும் ஓடுகிறவர்தானே?" ஆமாம் என்று பதில் போட்டேன். நான் சந்தவாசலில் உரக்கடை வைத்திருக்கிறவன். என் ஓட்டமெல்லாம் மலை பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான். அதிலும் பாதி நாள் பஸ்தான் ஜெயிக்கும்.

குடையும் நோட்டுமாக மலை ஏறினேன். மற்றவர்கள் ஓட வேண்டிய வழியை நடந்து பார்த்தே எழுதத் தொடங்கினேன்.

"வழி ஒன்று. ஜமுனாமரத்தூர் சந்தைத் திடலுக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் ஆறு. ஆற்றை இடதுகைப் பக்கம் வைத்துக்கொண்டு நாவல் மரங்களின் நிழலிலேயே போனால்…"

இந்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு பெண் பின்னங்கால் பிடரியில் பட ஓடிவந்தாள். "ஓரம் போங்க!" என்று என்னைப் புல்லில் தள்ளாத குறையாகக் கடந்து போனாள். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாரும் துரத்தவில்லை. ஒரு கரடிகூட இல்லை. கட்டுரையை அங்கேயே போட்டுவிட்டுக் கதையை எடுத்துக்கொண்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அதிகாலைப் பனி புல்நுனியில் முத்து முத்தாக…" (போதும். பனி இல்லாவிட்டால் நமக்கு விடியாதா?)

இரண்டாம் முயற்சி: "மானைப் போல அவள்…" (நான் மானைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. ஆட்டைத்தான் பார்த்திருக்கிறேன். ஆடு என்று எழுதினால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

மூன்றாவதுதான் நின்றது. சம்பூர்ணத்துக்கு வயது இருபத்திரண்டு. செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டுதான் ஓடுவாள். இன்னும் பன்னிரண்டு நாளில் வேலூரில் பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள். மைதானத்தை நாலு சுற்று நிற்காமல் ஓட வேண்டும். இந்த வருஷத்தை விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

போன வருஷமும் போனாள். முதல் சுற்றில் அத்தனை பேரையும் பின்னால் தள்ளிவிட்டு வந்தவள், சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டதும் நின்று வலது கையை நீட்டினாள். "என்னம்மா வேணும்?" என்றார் அதிகாரி. அவள் நீட்டிய கையை எடுக்காமலே நின்றாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஏன் நின்றாள்? மலையில் சும்மா யாரும் ஓடுவதில்லை. ஓடினால் சேதி இருக்கும். சாவு, பிறப்பு, தீ, கரடி, ஏதோ ஒன்று. சேதியோடு வருகிறவர் ஊர் எல்லையில் கையை நீட்டுவார். அந்த ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கையைத் தட்டிச் சேதியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுவார். வந்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். பிறந்ததிலிருந்து சம்பூர்ணம் ஒரு ஊர்த் தூரத்துக்கு மேல் ஓடியதில்லை. யாரும் ஓட விட்டதும் இல்லை.

(அடிக்குறிப்பு மாதிரி: இந்த வழக்கத்தை உண்டாக்கியது நான். மலைக்காரர்களிடம் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றதற்கு ஒரு காரணம் தேடினேன். இது கிடைத்ததும் சந்தோஷத்தில் மேற்கொண்டு தேடவில்லை.)

3

ஆகவே பயிற்சி. முதல் நாள் காலை அவள் சந்தைத் திடலிலிருந்து கிளம்பினாள். அருவி வரைக்கும் வழியில் மூன்று சின்ன ஊர்கள். முதல் ஊரில் முனியன் ஆற்றில் மாடு கழுவிக்கொண்டிருந்தான். அவளுக்கு மாமன் முறை. அவளைப் பார்த்ததும் ஈரத்தோடு கரையேறி வழியை மறித்தான்.

"இன்னா சேதி?"

"ஒண்ணும் இல்ல மாமா. சும்மா ஓடுறேன். வழிய வுடுங்க."

"சும்மா எவனாவது ஓடுவானா? யாரு பூட்டாங்க?"

"யாரும் பூடல!"

"அப்போ யாருக்குக் கொழந்த?"

"அதுவும் இல்ல!"

முனியன் முகம் வெளுத்துவிட்டது. வாயால் சொல்ல முடியாத சேதி போலிருக்கிறது என்று முடிவு கட்டினான். "நீ குந்து. தண்ணி குடி. நான் பாத்துக்குறேன்" என்று அவள் கையைத் தட்டி, மாட்டை ஆற்றிலேயே விட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடினான்.

அடுத்த ஊரில் கெங்கம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முனியனைக் கண்டதும், "இன்னா சேதி?" என்றாள்.

"சொல்ற மாதிரி இல்ல!"

முறத்தோடு ஓடினாள் கெங்கம்மாள். சம்பூர்ணம் மெதுவாக நடந்து அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று ஊர் ஜனமும் அங்கே கூடியிருந்தது. ஒருவர் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒருத்தி பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடித்து எடுத்துவந்திருந்தாள். கரடிக்காக நாலு பேர் பட்டப்பகலில் தீப்பந்தம் ஏந்தியிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேர் அழவும் தொடங்கியிருந்தார்கள்.

சம்பூர்ணமும் பாறையில் உட்கார்ந்து அழுதாள். அவள் ஒருத்தியின் அழுகைக்குத்தான் காரணம் இருந்தது. பதினோரு நாள்தான் பாக்கி. அவள் அழுததைப் பார்த்து, சாவுதான் என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது.

4

இந்த இடத்தில் ஒரு பெரியவர் வந்து அவளுக்கு வழி சொல்வதாக எழுதினேன். வெள்ளை மீசை, கைத்தடி எல்லாம் கொடுத்தேன். அவர் தொண்டையைச் செருமும்போதே சம்பூர்ணம் என் பக்கம் திரும்பி முறைத்தாள்.

"இன்னாங்க உரக்கடைக்காரரே, எனக்கு மூள இல்லன்னு நெனச்சிக்கினீங்களா?"

பெரியவரை அடித்துவிட்டேன். (பேனாவால்தான்.)

மறுநாள் அவள் முனியனின் ஊர் எல்லைக்கு வந்து, தானாகவே கையை நீட்டினாள்.

"இன்னா சேதி?"

"சம்பூர்ணம் ஓடுறா. அதான் சேதி!"

"எந்த சம்பூர்ணம்?"

"நான்தான்!"

"நீ எங்க ஓடுற?"

"உங்க பின்னாலதான். ஓடுங்க மாமா!"

முனியன் ஒரு நொடி யோசித்தான். சேதி இல்லாமல் ஓடுவதுதான் தப்பு. இது சேதிதான், சந்தேகமில்லை. கையைத் தட்டிவிட்டு, "சம்பூர்ணம் ஓடுறா! சம்பூர்ணம் ஓடுறா!" என்று கத்திக்கொண்டே பறந்தான். பின்னாலேயே சம்பூர்ணம். அடுத்த எல்லையில் கெங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக நின்றாள். புது ஆள், புதுக் கால். அதற்கடுத்த ஊரில் இன்னொரு புது ஆள். தன் பெயரைத் தானே துரத்திக்கொண்டு ஓடினாள் சம்பூர்ணம்.

அன்று இரண்டாம் ஊரோடு சுருண்டு விழுந்து, புல்லில் கிடந்து சிரித்தாள். ஐந்தாம் நாள் அருவியைத் தொட்டுவிட்டாள். ஒன்பதாம் நாள் கெங்கம்மாளின் குதிகால் அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. "அத்தை, ஓரம் போங்க!" என்றாள். "போவ மாட்டேன்டி!" என்று கெங்கம்மாள் சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஆசிரியர் கேட்ட அழகெல்லாம் அந்த வழியில் இருந்தது. நாவல் பழம் சிந்தி ஊதாவாகிப்போன பாறை, முழங்கால் அளவு தண்ணீரில் அசையாமல் நிற்கும் மீன்கள், சாமைக் கொல்லையைத் தாண்டும்போது எங்கிருந்தோ வரும் பலாப்பழ வாசனை. அவற்றை நிதானமாகப் பார்த்தது நான் மட்டும்தான். அவளுக்கு நேரமில்லை.

(ஆசிரியரின் இரண்டாம் கடிதம்: "ஜாகிங் வழிகள் என்ன ஆயின?" என் பதில்: "முதல் வழியில் ஆள் ஓடிக்கொண்டிருக்கிறது. குறுக்கே வராதீர்கள்.")

5

வேலூர். மைதானம். விசில்.

முதல் சுற்று முடிந்தபோது சுண்ணாம்புக் கோட்டில் அவள் கை லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். கோட்டைத் தாண்டினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாம் சுற்று. முன்னால் இரண்டே பேர். மூன்றாம் சுற்று முடிகிறது. இப்போது அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. அங்கேதான் வினை வந்தது. துரத்துவதற்கு எதிரே ஒரு முதுகு இல்லை, அவள் பெயரைக் கத்துவதற்கு ஒரு ஆள் இல்லை. கால் தளர்ந்தது. கோடு பத்தடியில் இருக்கும்போதே வலது கை நீண்டுவிட்டது.

முடிவு ஒன்று: முனியனும் கெங்கம்மாளும் வேலி தாண்டிக் குதித்து அவளுக்கு முன்னால் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். (ஆசைதான். வாசலில் நிற்கிற போலீஸ்காரர் முனியனைப் பிடித்துக்கொண்டால் அவளுக்கு வேலையா கொடுப்பார்கள்?)

முடிவு இரண்டு: அவள் ஜெயித்து, காக்கி உடுப்பில் மலை பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். (எழுதினேன். பேனா நன்றாகத்தான் ஓடியது. "நான் ஓடாத சுத்தை நீங்க எப்படி முடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டாள்.)

முடிவு மூன்று: நின்றுவிடுகிறாள். (இதை எழுத என்னால் ஆகாது. பன்னிரண்டு நாள் அவளோடு இருந்திருக்கிறேன்.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூச்சு வாங்குகிறது. ஓடிப் பழக்கமில்லாதவன், இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. இந்தப் பக்கத்தோடு என் ஊர் எல்லை முடிகிறது. இதற்கு மேல் என் சேதியை நான் கொண்டுபோகக் கூடாது என்பது நானே உண்டாக்கிய வழக்கம்.

அவள் இன்னும் நிற்கவில்லை. கை மட்டும்தான் நீண்டிருக்கிறது, உங்கள் பக்கமாக. இன்னா சேதி என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், உங்களுக்குத்தான் தெரியுமே. தட்டுங்கள். தட்டிவிட்டு அவளுக்கு முன்னால் ஓடுங்கள், அவள் காதில் விழுகிற மாதிரி கத்திக்கொண்டே.

இன்னும் ஒரு சுற்று இருக்கிறது.