கப்டன் பென்ஹேலின் கேஸ்

நானூறு வருடங்களுக்கு முன்பு காய்ச்சலில் செத்துக் கடலில் போடப்பட்ட ஆங்கிலேயக் கப்டன் எட்மண்ட் பென்ஹேல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் ஈரம் சொட்டச் சொட்ட இறங்கி வந்தார். அங்கே கூடும் எங்கள் தமிழ் ஆட்கள் யாரும் திடுக்கிடவில்லை. கடல்வழியாக, விசா, பேப்பர் ஒன்றும் இல்லாமல், குளிரில் நடுங்கிக்கொண்டு வரும் மனிசனைக் கண்டால் இந்தத் தெருவுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பாவம், படகில் வந்திருக்கிறார். பக்கத்துத் தெருவான ரூ பிலிப்-து-ஜிராரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நிரோஜினி அவருக்குச் சோறு போட்டாள். தின்று முடித்ததும் கோப்பை கழுவ விட்டாள். வந்தவர் எல்லாருக்கும் அதுதானே முதல் வேலை. அவர் உடம்பிலிருந்து கடல்நீர் சொட்டுவது நிற்கவேயில்லை, ஆகவே கடைக்கு உப்பு வாங்குவதை நிறுத்தினார்கள். சில கிழமை போனதும் யாழ்ப்பாணத் தமிழும் பேசத் தொடங்கினார்.

கவலை ஒன்றே ஒன்று. அகதிக் கேஸ் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். அவர் வந்த இடமோ கடலின் அடி. நிரோஜினி, விசாரணையில் என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுப்பதில் பேர்போன மன்னார் றெமிஜியஸைக் கூப்பிட்டாள். கப்டன் தன் சரித்திரம் முழுவதையும் சொன்னார்: மீசை முளைக்கும் முன்பே கப்பலேறியது, பெயரில்லாத தீவுகளுக்குப் பெயர் வைத்தது, ராணியின் அனுமதியோடு ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்தது. றெமிஜியஸ் தலையில் கை வைத்தான்.

"ஐயோ அண்ணை, கொள்ளையடிச்சனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதைங்கோ. மீன் பிடிச்சனான் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்," என்றார் கப்டன்.

அகதி அலுவலக விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரையே கேட்டிருந்தார்கள்; வேறு மொழி கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிகாரி மர்கரீத் என்ன மீன் பிடித்தீர் என்று கேட்டதும் மனிசன் தடுமாறிப்போனார். பிறகென்ன, உள்ளதெல்லாம் கொட்டினார். சொல்லச் சொல்ல அறைக்குள் கடல் ஏறியது. மர்கரீத் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கால்களைக் கதிரைமேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினார். அதே அறையில் ஒரே மீன்பிடிக் கதையை வருடக்கணக்காகக் கேட்டு அலுத்தவர், பாவம், முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில், திரும்பிப் போனால் என்ன ஆபத்து என்று கேட்டார்.

"அங்கை நான் செத்த ஆள், அம்மா," என்றார் கப்டன். "இஞ்சை நான் கோப்பை கழுவுறன்."

பத்து வருட வதிவிடக் கார்ட் கிடைத்தது. அன்று தெருவே கூடி றோல்ஸ் தின்றது. நிரோஜினி வெட்கம் பாராமல் அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். இப்போது அவருக்கு புறநகர் லா கூர்னெவில் ஒரு அறை இருக்கிறது, ரயில் பிந்தினால் எல்லாரையும்போலத் திட்டுகிறார். சனிக்கிழமை லீவு கேட்டால் மட்டும், "சனம் வாற நாளிலையோ?" என்று நிரோஜினி கத்துவாள். செத்தவர் என்பதற்காக அவள் யாருக்கும் லீவு கொடுப்பதில்லை.